ஓடுவது யாருக்காக?

(புளியங்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் விளையாட்டும் தேகப்பயிற்சியும் என்பதாகும். இதற்குச் சுயமரியாதைக்காரர் எதற்கு, ஒரு டாக்டரோ டிரில் வாத்தியாரோ போதாதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். டாக்டர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடப்பது போன்ற பயிற்சி செய்ய வேண்டும், பிள்ளைகள் தினம் 60 நிமிஷம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் சர்க்கரை வியாதிக்காரருக்கு மருந்தோடு சேர்த்து "நடக்கவும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அப்படியிருந்தும் 2024-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த அளவுக்குக்கூட உடம்பை அசைக்கவில்லை. ஆண்களில் 100-க்கு 42 பேர்; பெண்களில் 100-க்கு 57 பேர். இந்த 42-க்கும் 57-க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் எலும்பிலும் இல்லை, நரம்பிலும் இல்லை. அது நாம் கட்டி வைத்திருக்கிற வீட்டிலும் வீதியிலும் இருக்கிறது. ஆகையால்தான் இந்த விஷயம் டாக்டரோடு முடியாமல் நம்மிடத்திலும் வருகிறது.

நிற்க, இதைப்பற்றிப் பேசுகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் முதலில் சொல்லுவது "நம் ஜனங்கள் சோம்பேறிகள்" என்பதுதான். இதை நாம் அடியோடு மறுக்கிறோம். பக்கத்திலுள்ள சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு சமயத்தில் போய்ப் பாருங்கள். ஆடிச்சுற்று என்று சொல்லிக்கொண்டு ஆணும் பெண்ணும் கிழவிகளும் அந்தக் கோவிலை 101, 108 என்று எண்ணி எண்ணிச் சுற்றுகிறார்கள். அரியும் அரனும் ஒன்று என்பதைக் காண அம்மன் நின்ற இடத்திலேயே தவம் நின்றாளாம். நின்றவளுக்காக நடந்து கால் வீங்குகிறவர்கள் நம்முடைய ஜனங்கள்! இந்தப் பக்கத்திலிருந்து திருச்செந்தூருக்குக் கால்நடையாகவே போகிறவர்கள் எத்தனை பேர்! தார் ரோட்டில், செருப்பில்லாமல், இரவு பகல் பாராமல் போகிறார்களா இல்லையா? வீட்டிலிருந்து பஜாருக்கு நடக்க முழங்கால் வலிக்கிறது என்று ஆட்டோ கூப்பிடுகிற அதே அம்மையார், அங்கே நூற்றெட்டுச் சுற்றையும் முடித்துவிட்டு, அடுத்த வருஷமும் வருவேன் என்று சொல்லிவிட்டு வருகிறார். இவர்களையா சோம்பேறிகள் என்பது?

"அதுதான் பக்தியின் மகிமை" என்று பூசாரி சொல்லுவார். அந்த வார்த்தையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? முதலாவது, அங்கே தனியாக யாரும் சுற்றுவதில்லை. முன்னே ஒருத்தி, பின்னே ஒருத்தி, பேச்சும் சிரிப்புமாகக் கூட்டம் போகிறது. துணை இருந்தால் மனிதன் அதிகம் உழைக்கிறான் என்பதை அமெரிக்காவில் டிரிப்லெட் என்பவர் 1898-லேயே எழுதினார். சைக்கிள் பந்தயக்காரர்கள் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட்டு ஓட்டுவதைவிட, பக்கத்தில் இன்னொருவர் ஓட்டும்போது வேகமாய் ஓட்டினார்கள் என்று கணக்குப் பார்த்தே சொன்னார். அன்றியும், கோவிலில் நாள் குறித்திருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, இடம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது என்னவென்றால், அன்றைக்கு ஒரு பெண் வீட்டை விட்டுப் புறப்பட்டால் "எங்கே போகிறாய், ஏன் போகிறாய், அடுப்பை யார் பார்ப்பது" என்று கேட்பாரில்லை. புருஷன் கேட்கமாட்டான், மாமியார் கேட்கமாட்டாள். தெருவில் நாலு பேர் சிரிக்கமாட்டார்கள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வேகமாய் நடக்கலாம், வியர்க்கலாம், மூச்சு வாங்கலாம், வழியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளலாம். வருஷத்தில் அந்தச் சில நாட்களில் மட்டும் அவள் உடம்பு அவளுடையது. அவளைச் சுற்றவைப்பது அம்மனா, அந்த அனுமதியா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் திருவிழா முடிந்த மறுநாள் அவள் ஏன் நடப்பதில்லை? அனுமதி முடிந்துவிட்டது என்பது ஒன்று. மற்றொன்று, அந்த நடை ஒரு பேரம். பிள்ளைக்கு உத்தியோகம், பெண்ணுக்குக் கல்யாணம், தனக்குப் புண்ணியம் என்று கூலி பேசிக்கொண்டு நடந்த நடை அது. கூலிக்குச் செய்கிற காரியம் கூலியோடு நின்றுபோகும். இதை நாம் கேலிக்காகச் சொல்லவில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்கிற மூன்று பேர் அமெரிக்காவில் சிறு பிள்ளைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் எல்லாம் வர்ணப் பேனாவால் படம் போடுவதில் இயல்பாகவே ஆசையுள்ளவர்கள். சிலரிடம், "படம் போட்டால் உனக்கு ஒரு நற்சான்றுப் பத்திரம் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிப் போடச் செய்து, சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். மற்றவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பேனாக்களை வெறுமனே மேஜைமேல் வைத்துவிட்டுப் பார்த்தபோது, பத்திரத்துக்கு ஆசைப்பட்டுப் போட்ட பிள்ளைகள் அந்தப் பேனாவை மற்றவர்களைவிட வெகு குறைவாகவே தொட்டார்கள். முன்பிருந்த ஆசையே குறைந்துவிட்டது! மோட்சம் என்பதும் அப்படிப்பட்ட ஒரு நற்சான்றுப் பத்திரந்தானே? அந்தப் பிள்ளைகளுக்காவது பத்திரம் கையில் கிடைத்தது.

இது கோவிலுக்கு மட்டும் சொன்ன பேச்சல்ல. விடியற்காலையில் இந்தத் திருமங்கலம் ரோட்டில் வாலிபர்கள் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதற்காக ஓடுகிறார்கள்? போலீஸ் தேர்வுக்காக. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த 7 நிமிஷம் இல்லாவிட்டால் அவர்களில் எத்தனை பேர் ஓடுவார்கள்? தேறினவர் உத்தியோகம் வந்த பிறகு ஓடுவதில்லை. தேறாதவர் வயது வரம்பு தாண்டிய பிறகு ஓடுவதில்லை. நாம் அவர்களைக் குறை சொல்லவில்லை. பசித்தவன் உத்தியோகத்துக்கு ஓடத்தான் வேண்டும். உடம்பு என்பது உத்தியோகத்துக்குக் கட்டுகிற பரீட்சைப் பணம் என்பதாக அந்தப் பிள்ளைக்குப் படிந்து போகிறதே, அதைத்தான் சொல்லுகிறோம்.

இனி, "நாள் முழுதும் மாடாய் உழைக்கிறேன், எனக்கு எதற்கையா தேகப்பயிற்சி?" என்று எலுமிச்சை மூட்டை தூக்குகிற தோழர் கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். உடம்பை அசைக்கிற வேலைக்கு உடம்பில் பலன் உண்டு என்பதற்கு லண்டன் பஸ்களே சாட்சி. 1953-இல் மாரிஸ் என்கிற டாக்டர், லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிற டிரைவரைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கட் கொடுக்கிற கண்டக்டருக்கு இருதய வியாதி குறைவாயிருந்தது. ஆனால் இந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் பீடி சுற்றுகிற தாய்மார்களைப் பாருங்கள். சுளகை மடியில் வைத்துக் குனிந்தால் ஆயிரம் பீடி முடிகிறவரைக்கும் நிமிர்வதில்லை. உழைப்பில் குறைவில்லை, ஆனால் அசைவது விரல்கள் மட்டும். கழுத்து வலி, இடுப்பு வலி, தூளின் நெடி. மூட்டை தூக்குகிறவருக்கோ ஒரே பக்கத்துத் தோளும் முதுகும் தேய்கின்றன. இதெல்லாம் பிறர் இஷ்டத்துக்கு வளைகிற வளைவு. விளையாட்டு என்பது தன் இஷ்டத்துக்கு வளைவது, வேண்டாமென்றால் நிறுத்துவது. டெசி, ரையான் என்கிற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள், மனிதன் ஒரு காரியத்தைக் கூலியில்லாமலே விடாமல் செய்வதற்கு மூன்று வேண்டும் என்கிறார்கள். தன் இஷ்டப்படி செய்கிறோம் என்கிற உணர்ச்சி, திறமை வளர்கிறது என்கிற உணர்ச்சி, தன்னை ஒரு ஆளாக மதிக்கிற மனிதர்கள் நடுவில் இருக்கிறோம் என்கிற உணர்ச்சி. இவர்கள் நம் பத்திரிகையைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் 1925 முதல் நம் இயக்கம் எந்த வார்த்தையைச் சொல்லி வருகிறதோ, அதைத்தான் இவர்களும் மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அந்த மூன்றையும் நம் மக்களிடமிருந்து பிடுங்கியது எது? உடம்பால் உழைக்கிறவன் கீழ்ஜாதி, உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மேல்ஜாதி என்று சட்டம் செய்து வைத்த நாடு இது. வியர்வை தாழ்வுக்கு அடையாளம். தொந்தி செல்வத்துக்கு அடையாளம். தொந்தி பெருத்த பிள்ளையாருக்குத்தான் முதல் பூஜை! ஆகவேதான் நம்மில் நாலு காசு சேர்ந்தவன் முதல் வேலையாக நடப்பதை நிறுத்துகிறான். புராணங்களில் பலசாலிகளுக்குக் குறைவில்லையே என்பார்கள். கோதாக்களில் அனுமார் படம் மாட்டியிருக்கிறார்கள். கடலைத் தாண்டினவர், எத்தனை நாள் பழகி, எத்தனை தரம் விழுந்து எழுந்து தாண்டினார் என்று எந்தப் புராணமாவது சொல்லுகிறதா? எல்லாம் வரம், எல்லாம் பிறப்பு. வாத்தியார் கற்றுக்கொடுக்க மறுத்த பின்னும், தானே பழகித் தானே தேறினவன் ஒருவன் பாரதத்தில் உண்டு. அவன் ஏகலைவன். அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? கட்டைவிரலை அறுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அது கதை. கதையல்லாத ஒன்றைச் சொல்லுகிறோம். தார்வாரில் 1876-இல் பிறந்த பல்வங்கர் பாலு என்கிற தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர், பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்குத் தரையை உருட்டிச் செப்பனிடுகிற வேலைக்காரராயிருந்தார். துரைமார்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்குப் பந்து போட ஆள் வேண்டியிருந்தது. இவரைப் போடச் சொன்னார்கள். கிரெய்க் என்கிற துரைக்கு மணிக்கணக்காய்ப் போட்டுப் போட்டு, இடது கையால் பந்தைச் சுழற்றுவதில் இந்தியாவிலேயே தலைசிறந்தவரானார். மட்டையை மட்டும் அங்கே அவர் கையில் கொடுக்கவில்லை. பிறகு வெள்ளைக்காரரை ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசையினால் பூனா இந்துக்கள் இவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் இவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் டீ குடிக்க, இவருக்கு வெளியிலே மண் குவளையில் டீ! 1911-இல் இங்கிலாந்துக்குப் போன கோஷ்டியில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் இவர்தான். ஆயினும் இந்துக்கள் கட்சிக்குத் தலைவராக இவரைக் கடைசிவரையில் ஆக்கவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் அந்த இடம் கிடைத்தது. (1937 தேர்தலில் காங்கிரஸ் இதே பாலுவைத் தோழர் அம்பேத்கருக்கு எதிரே நிறுத்தித் தோற்கவைத்தது வேறொரு கூட்டத்தில் பேசவேண்டிய விஷயம்.) நாம் கேட்பது இதுதான்: பாலுவைப் பந்து போடவைத்தது எது? சம்பளம் 4 ரூபாய். மரியாதை மண் குவளை. பந்து கையை விட்டுப் போனபின் அது ஜாதி கேட்காது, எதிரே நிற்பவன் துரையானாலும் ஐயரானாலும் அவனுடைய குச்சி விழும் என்கிற ஒரு சுகம் இருந்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம்.

நம் பக்கத்து விளையாட்டுக்கு வருவோம். சடுகுடு என்று நாம் ஆடினதைக் கபடி என்கிற பேரில் 1990 பீஜிங் ஆசிய விளையாட்டுக்களில் பதக்கத்துக்குரியதாகச் சேர்த்தார்கள். 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய இந்தியக் கட்சியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் வாழ்க்கையை ஒட்டி 2025-இல் ஒரு சினிமாப் படமும் வந்தது, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கபடிக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், பூட்ஸ் வேண்டாம். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் மண் தரை, பக்கத்துக்கு 7 பேர். ஏழைகள் இதை ஆடுவதற்கு அது காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விளையாட்டே தொடுவதுதான். தொட்டுவிட்டு ஓடினால் புள்ளி. தொட்டவன் காலைக் கட்டிப் பிடித்து, அவன்மேல் ஏழு பேர் விழுந்து அமுக்கினால் புள்ளி. அவன் வியர்வை இவன்மேல், இவன் மூச்சு அவன்மேல். தீண்டாமை உள்ள தேசத்தில் இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே ஒரு அதிசயம். ஆகவே நம் வைதீக மூளை என்ன செய்தது? கோட்டுக்குள் தொடுவதைத் தடுக்க முடியாததால் கட்சியையே தெருத்தெருவாகப் பிரித்துவிட்டது. இந்தத் தெருக் கட்சி, அந்தத் தெருக் கட்சி என்றால் எந்த ஜாதிக் கட்சி என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். பனியன் நிறத்திலும் கையில் கட்டுகிற கயிற்றிலும் ஜாதி. பள்ளிக்கூடங்களில் அந்தக் கயிறு கூடாது என்று 2024-இல் நீதிபதி சந்துரு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதன் விளைவு என்ன? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த 11-ஆம் வகுப்புப் பையனை, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனை, பஸ்ஸை மறித்து இழுத்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடியில் தங்களைத் தோற்கடித்ததற்குப் பழி வாங்கினார்கள் என்று பையன் வீட்டார் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. தோழர்களே! விளையாட்டில் தோற்றவன் அடுத்த வாரம் இன்னும் நன்றாய்ப் பழகிக்கொண்டு வருவான். ஜாதியில் தோற்றதாக நினைப்பவன் அரிவாளை எடுத்துக்கொண்டு வருவான். "நம் வாலிபர்களுக்கு விளையாட்டில் ஊக்கமில்லை" என்று பேசுகிற கனவான்கள், இந்தப் பையனிடம் போய் ஊக்கத்தைப் பற்றிப் பேசட்டும் பார்க்கலாம்.

இனிப் பெண்கள் விஷயம். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல் தடவையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 வினாடியில் ஜெயித்தார். ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்கிச் சிலர் புல்லில் சாய்ந்தார்கள். ஆண்களும் அப்படித்தான் சாய்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரப் பத்திரிகைகள், பெண்கள் கும்பலாய் மயங்கி விழுந்தார்கள், இது பெண் தேகத்துக்கு ஆகாது என்று இல்லாததையெல்லாம் எழுதின. அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடியும் சேர்த்தது 1960-இல். முப்பத்திரண்டு வருஷம்! அதே காலத்தில், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்து வேண்டும், பிடிக்காத கல்யாணத்திலிருந்து விடுதலை வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். மேனாட்டார் நம்மைவிட எல்லாவற்றிலும் முன்னே என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதே 800 மீட்டரில் 2006-இல் தோஹாவில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி, செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள், வெள்ளிப் பதக்கம் வாங்கினார். நீ பெண்தானா என்று சோதனை செய்து பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஓடாதே என்று சொல்லுவது ஒரு விதம். ஓடி ஜெயித்தால் நீ பெண்ணே அல்ல என்று சொல்லுவது இன்னொரு விதம். ஆயினும் பெண்கள் ஓடுவதை நிறுத்தவில்லை. சென்னைக் குடிசைகளை இடித்து ஜனங்களைக் கொண்டுபோய்க் கொட்டிய கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் போய், 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளைஞர் விளையாட்டில் கபடித் தங்கத்தோடு வந்தார். அந்த நகரில் எவ்வளவோ குறைகள் உண்டு. கூடிப் பழகப் பெண்பிள்ளைகளும், சொல்லிக்கொடுக்க ஒருவரும், ஒரு இடமும் இருந்தது போதுமானதாயிருந்தது.

இப்போது ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "கோவிலைச் சுற்றுவதாலும் உடம்புக்கு நல்லதுதானே, அதை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். சுற்றுங்கள் ஐயா, நாம் யார் காலையும் கட்டவில்லை. வருஷத்துக்குப் பத்து நாள் அம்மன் பேரைச் சொல்லி வீட்டுப் பெண்ணை வெளியே விடுகிற தாங்கள், மிச்சம் முந்நூற்றைம்பத்தைந்து நாளும் அவள் பேரைச் சொல்லியே விடலாமே என்றுதான் கேட்கிறோம். அவள் சுற்றுவதற்குக் கோவில்தான் வேண்டுமா, பள்ளிக்கூட மைதானம் போதாதா? உண்டியல் இல்லாத இடத்தில் நடந்தால் வியர்வை வராதா?

கடைசியாக, இவ்வூர்த் தோழர்கள் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லிவிட்டு உட்காருகிறோம். மைதானத்துக்கு அனுமதி கேட்டு நகராட்சிக்கு மனு எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டும். பீடி சுற்றுகிற தாய்மார்களும் போட வேண்டும்; கைநாட்டானாலும் சரி. கபடிக்குப் பெயர் கொடுக்கிற வாலிபர்கள் பெயரும் வயதும் சொன்னால் போதும். தெருவைச் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள். கட்சி பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான், அதுவும் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் குலுக்கி. போன வாரம் எதிரே நின்றவன் இந்த வாரம் உன் பக்கத்தில் கைகோத்து நிற்பான். கையில் கயிறு கட்டியிருந்தால் கோட்டுக்கு வெளியே அவிழ்த்து வைத்துவிட்டு வரவேண்டும். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறரை மணிவரை மைதானம் பெண்களுக்கு. அந்த நேரத்தில் ஆண்கள் வேலி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது. வீட்டில் போய் உலை வைக்கலாம்.